வாய் ஒன்று, வயிறு ஒன்று

குடியேற்ற ஆண்டு 61, நாள் 212.

இன்று நான் செய்த பிழை சிறியது. என் கணினி நிரலில் ஒரு செயற்கூறு இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தந்தது. நான் ஒன்றைத்தான் வாங்கி வைத்தேன். அதனால் அக்காவின் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது.

வரிசையாக எழுதுகிறேன். செவ்வாயில் விருந்து பரிமாறுவது பந்தியன் என்ற இயந்திரம். இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே வயிற்றில் பசியுணரி பொருத்திவிடுவார்கள். ஒரு பருக்கையும் வீணாகக் கூடாதே! மாலை வகுப்பில் நான் எழுதிய 'கேள்' என்ற செயற்கூறு பந்தியனுக்குள் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம்?" என்று அது கேட்டதும் இரண்டு மதிப்புகள் திரும்பி வரும்: முதலில் வாய் சொன்னது, அடுத்து வயிறு சொன்னது. வாங்கிக்கொள்ள நிரலுக்குள் இரண்டு கிண்ணங்கள், அதாவது மாறிகள், வைக்க வேண்டும். நான் ஒன்றுதான் வைத்திருந்தேன். வயிற்றின் விடை சத்தமில்லாமல் தொலைந்தது.

தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஆவுடையப்பன். சாம்பாருக்கு அவர் "போதும்" என்றார். பந்தியன் நகர்ந்துவிட்டது. ரசத்துக்கும் அப்படியே.

"ஒரு தடவ போதும்னா போயிருதே! இது விருந்தா, சுரங்கத்துக் கேன்டீனா?" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

அக்கா சமையலறைக்கு ஓடிவந்தாள். "இன்பா, அவரு தட்டு மாத்தாமலே எந்திரிச்சிருவாரு போலட்டி! ஏதாவது பண்ணு. கல்யாணம் நின்னுச்சு, உன் பந்தியனைத்தான் நான் கட்டிக்கணும்."

இரண்டாவது கிண்ணத்தைச் சேர்த்தேன். பாயசம் போனது. வாய்: வேண்டாம். வயிறு: இரண்டு கரண்டி. குறுக்கே நீட்டிய கையின் விரலிடுக்கு வழியாகவே பந்தியன் ஊற்றியது.

"சொன்னா கேக்குதா பாருங்க!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்து ஜாங்கிரி. வாய்: போதும். வயிறு: போதும். இரண்டு மதிப்புகளும் முதல்முறையாக ஒத்துப்போனதால் பந்தியன் நிம்மதியாக அடுத்த இலைக்குப் போனது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

"ஓகோ. எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது. சரிதான், நாம வேண்டாதவங்க" என்று அவர் இலையை மூடப் போனார்.

முரண்பாடுகளைப் பன்னிரண்டு விதமாகச் சோதித்திருந்தேன். உடன்பாட்டைச் சோதிக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? ஒருவேளை எனக்கு மட்டும்தான் தோன்றவில்லையோ என்னவோ.

யோசிக்க நேரமில்லை. நிபந்தனைகளை எல்லாம் அழித்தேன். இரண்டு மதிப்புகளும் இரண்டு கிண்ணங்களில் ஒழுங்காக வந்து விழும். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூன்று முறை கெஞ்சிவிட்டு வைத்துவிட வேண்டும் என்று மட்டும் எழுதினேன். பந்தியன் திரும்பி வந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

"பாதியாவது மாமா."

"உசிரு போயிரும்டா!"

"எங்களுக்காக மாமா."

இரண்டு ஜாங்கிரி வைத்தது. அவர் இரண்டையும் தின்றார். தட்டை மாற்றினார். அக்கா அழுதேவிட்டாள்.

அரை மணியில் அவருடைய பசியுணரி சிவப்பில் அலறியது. மருத்துவ வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுத்தபடியே நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "போதும் போதும்னு கதறுனேம்மா, விட்டாத்தானே! சம்பந்தம் பண்ணுனா இப்படி ஒரு இடத்துல பண்ணணும்."

நர்ஸ் சிரித்தாள். "கொஞ்சம் சீரகத் தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா."

அவள் போய்விட்டாள்.

வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த ஆஸ்பத்திரியில கவனிப்பே சரியில்ல" என்றார்.

நாளைய வேலை: பந்தியனைச் சீரகத் தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.