ஆரினின் சிவப்புக் கயிறு

பனி உருகி ஓடை பெருகுவதற்குள் அண்ணனைக் கண்டுபிடித்தாக வேண்டும். 1953 மே மாதம், கொலராடோ மலைமேல் நெல் என்ற பெண் ஏறியது அதற்காகத்தான். உடன் வந்தவன் கார்ல்.

அண்ணன் ஆரின் பனிச்சறுக்கு வீரன். ஒன்பது ஆண்டுகள் பந்தயம் ஓடினான். பெரும்பாலும் அவன் முதலிடம், கார்ல் இரண்டாமிடம். ஜனவரியில், பந்தயம் இல்லாத ஒரு நாளில், சும்மா சறுக்கப் போனவன்மேல் பனி சரிந்தது. மூன்று நாள் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

பந்தயத்துக்கு முன் அவன் பூட்ஸைச் சறுக்குக் கட்டையோடு நீண்ட தோல்வாரால் இறுக்கிக் கட்டிவிடுவது நெல்தான். அன்றும் பழக்கத்தில் அப்படியே கட்டிவிட்டாள். பனி சரியக்கூடிய இடத்தில் வாரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டைகளே ஆளைப் பனிக்கடியில் இழுத்துவிடும்.

"அவன் கழட்டியிருப்பானா, கார்ல்?"

"பாத்தாத்தான் தெரியும். பேசாம நட. மேல பனி இளகிக் கிடக்கு."

நண்பகலில் ஒரு கட்டையின் நுனி தெரிந்தது. இருவரும் கையால் தோண்டினார்கள். இரண்டு கட்டைகளும் கிடைத்தன. வார்கள் அறுபடவில்லை. கொக்கி கழற்றி, கட்டையிலேயே ஒழுங்காகச் சுற்றியிருந்தன.

நெல் பனியில் உட்கார்ந்தாள்.

இருபது அடி கீழே, பனியைக் குத்திப் பார்த்துவந்த கார்லின் கோல் எதிலோ முட்டியது. அங்கே தோண்டினார்கள். ஆரின் பக்கவாட்டில் படுத்திருந்தான். அவன் சட்டைப்பையில், பனிச்சரிவுக்கென எடுத்துப்போகும் நீண்ட மெல்லிய சிவப்புக் கயிறு சுருட்டியபடி இருந்தது. இடுப்பில் கட்டிப் பின்னால் இழுபட விட்டிருந்தால், அது பனிக்குமேல் கிடந்து அன்றே ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

"ஜனவரில இவனைத் தேடறப்ப இங்கதான் உட்காந்து ரொட்டி தின்னோம்," என்றான் கார்ல்.

"ஏன் இதை விடல அவன்?"

"பின்னால ஏதாவது இழுபட்டா வேகம் போயிடும்ல. நானும் விட்டதில்ல, நெல்."

ஆரினின் கட்டைகளைச் சேர்த்து இழுவைப் பலகையாக்கி, அவனை அதில் கிடத்தினார்கள். தோல்வாரால் நெல் கட்டினாள், பந்தய நாளில் கட்டுவதுபோல இறுக்கி. கயிற்றை நான்காக மடித்துப் பலகையின் பின்புறம் முடிந்து, மறுமுனையைக் கார்லிடம் கொடுத்தாள்.

"சரிவுல ஓடிடாம நீ பின்னால பிடிச்சுட்டு வா."

"அவனுக்குப் பின்னால வர்றது எனக்குப் புதுசா?"

பலகை நகர்ந்தது. ஆரின் முன்னால் போனான். கயிறு விறைத்தது. கார்ல் மெதுவாகத் தொடர்ந்தான்.