பதினேழாவது படம்

ஜெஸிமா பொன்மலை ரயில்வே குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை மதியம் மூன்று மணி. பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து, இணைய ஏலத்தில் விற்பதுதான் அவள் பிழைப்பு. இன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு புகாரைத் தீர்க்காவிட்டால் ஏலத் தளம் அவள் கடையை மூடிவிடும்.

அவள் உதவி தேடி வந்த விஜயராணிக்கு ரயில்வே பணிமனையில் வேலையே அதுதான்: உடைந்து வரும் பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது. அவர் கணவர் ரெஜிஸுக்கோ, பாகத்தைப் பார்ப்பதற்கு முன்பே காரணம் தெரிந்துவிடும்.

"ஸ்ரீரங்கத்துல ஹரிஹரசுதன்னு ஒருத்தர் ஏலத்துல எடுத்தார் அக்கா," என்றாள் ஜெஸிமா. "கேமராவுக்குள்ள வெளிச்சம் கசியுது, மனைவியோட சீமந்தப் படம் வீணாப் போச்சு, ஏமாத்திட்டேன்னு எழுதிட்டார். பின்மூடியைச் சுத்தி வெளிச்சத்தை அடைக்கிற பஞ்சை நானே புதுசா ஒட்டினேன். ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க எடுத்துப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்."

"ஆளு கேமராவையே மாத்தியிருப்பான்," என்றார் ரெஜிஸ். "இல்லேன்னா கூரியர்ல கீழ போட்டிருப்பாங்க."

"ஏங்க, காபி ஆறுது. முதல்ல படத்தைப் பார்ப்போம்," என்றார் விஜயராணி.

புகாரோடு வந்த முப்பத்தாறு படங்களும் ஜெஸிமாவின் போனில் இருந்தன. பதினான்கு வரை பழுதில்லை. பதினைந்தின் ஓரத்தில் லேசான வெளுப்பு. பதினாறும் பதினேழும் பனி மூடியதுபோல் இருந்தன. பதினெட்டு முதல் இருபது வரை வெறும் வெள்ளை. இருபத்தொன்று பாதி வெள்ளை. இருபத்திரண்டிலிருந்து கடைசி வரை கண்ணாடி போலத் தெளிவு.

விஜயராணி பதினேழாவது படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பனிக்குள் மூன்று உருவங்கள் தெரிந்தன. கைநிறைய வளையலுடன் ஒரு பெண், அவள் அருகில் பஞ்சகச்சத்தில் ஓர் இளைஞர், பின்னால் தட்டு ஏந்திய ஓர் அம்மாள்.

"வண்டியை எடுங்க," என்றார் கணவரிடம்.

உத்தர வீதி வீட்டில் ஹரிஹரசுதன் அவர்களை உட்காரச் சொன்னார், முகத்தில் சிரிப்பில்லை. அவருடைய மாமனார் ரெங்கநாதன் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஹரிஹரசுதனைக் கண்டதும் ஜெஸிமாவுக்கு அடையாளம் தெரிந்தது. பஞ்சகச்சக்காரர்.

"அன்னிக்குக் கேமராவை வேற யாராவது தொட்டாங்களா சார்?" என்று கேட்டார் விஜயராணி.

"என் கையை விட்டே போகலை. இத்தனைக்கும் நான் இணைய வகுப்பெல்லாம் பார்த்துப் பழகினவன்."

"சரிங்க. மூடியில கசிவு இருந்தா, ஒவ்வொரு படமும் அந்தக் கசிவைத் தாண்டித்தான் போகணும். முப்பத்தாறுலயும் ஒரே இடத்துல கறை விழுந்திருக்கும். இருபத்திரண்டுல இருந்து படம் சுத்தமா இருக்கு. ஒழுகுற கூரை நடுமழையில தானா அடைபடாதுல்ல?"

ஹரிஹரசுதன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எடுத்து முடிச்ச ஃபிலிம் உள்ள ஒரு உருளையில சுத்திக்கிட்டே போகும். எடுக்காதது டப்பாவுக்குள்ள பத்திரமா இருக்கும். நடுவுல மூடியைத் திறந்தா என்ன ஆகும்? லென்ஸுக்குப் பின்னால நிக்கிற படமும் உருளையில மேல் சுத்துல இருக்கிற படமும் அழிஞ்சிடும். அடிச் சுத்துக்குப் போகப் போகச் சேதம் குறையும். வெட்டின வாழைமரத்தை வெயில்ல போட்டா வெளிமட்டைதானே முதல்ல காயும்? இருபதாவது படம் எடுத்த கையோட மூடி திறந்திருக்கு. உடனே மூடியும் இருக்கு."

"அப்போ திறந்தது இவர்தான்," என்று எழுந்தார் ரெஜிஸ்.

"உட்காருங்க. இவர் பழகினவர், திறக்க மாட்டார். பதினேழாவது படத்துல இவரே நிக்கிறார் பாருங்க. அப்ப கேமரா யார் கையில இருந்துச்சு?"

ஹரிஹரசுதன் போனை வாங்கிப் பார்த்தார். அவர் காது சிவந்தது. "ஆமாம்... நாலு படத்துக்கு மட்டும் கொடுத்தேன். மறந்தே போச்சு."

யாரிடம் என்று அவர் சொல்லவில்லை. ஜெஸிமா படத்தை மீண்டும் பார்த்தாள். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அம்மா. மகளின் சீமந்தத்தில் அப்பா எங்கே நின்றிருப்பார்? செய்தித்தாளின் பக்கம் வெகுநேரமாகத் திரும்பவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"இதுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல," என்றார் விஜயராணி, யாரையும் பார்க்காமல். "இப்பல்லாம் படம் எடுத்த உடனே எப்படி வந்திருக்குன்னு பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறோம். இதுலயும் திரை இருக்கும்னு யாரும் நினைப்பாங்க. பேர் சொல்றது என் வேலை இல்ல. ஆறு மணிக்கு இந்தப் பொண்ணு கடையை மூடிடுவாங்க, அவ்வளவுதான்."

செய்தித்தாள் மடிந்தது.

"மூடிக்குள்ள ஸ்க்ரீன் இருக்கும்னு நெனச்சேன்," என்றார் ரெங்கநாதன். "கறுப்பா என்னமோ தெரிஞ்சுது. பட்டுனு சாத்திட்டேன். அத்தனை பேருக்கு நடுவுல கேக்க வெக்கமா இருந்துது. அப்புறம் மாப்பிள்ளை புகார் எழுதறச்சே, சொல்ல இன்னும் வெக்கமாப் போச்சு."

ஹரிஹரசுதன் புகாரைத் திரும்பப் பெறும் பக்கத்தைத் திறந்தார். "'தவறு எங்களுடையது'ன்னு போட்டுடறேன், மாமா."

"பொத்தாம் பொதுவா வேண்டாம்," என்றார் ரெங்கநாதன். "மூடியைத் தொறந்தது என் மாமனார்னு போடுங்கோ. இந்தப் பொண்ணு ஏமாத்திட்டாள்னு நாலு பேர் படிச்சிருப்பா, அதே நாலு பேர் இதையும் படிக்கட்டும்."

ஐந்து இருபதுக்கு ஜெஸிமாவின் போன் சிணுங்கியது. ஏலத் தளத்திலிருந்து வந்த செய்தியை அவள் இரண்டு முறை படித்தாள்.

ரெங்கநாதன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "கடை இருக்காம்மா?"

"இருக்கு சார்," என்றாள்.