சட்டென்று எரியும் விளக்கு

டியூப்லைட்டின் சோக்கில் ஒரு குறையும் இல்லை என்று எலக்ட்ரீஷியன் மணிவேல் சொன்னதுதான் வேதாவுக்கு முதலில் உறுத்தியது.

"சோக்கும் நல்லாதான் கீது, ஸ்டார்ட்டரும் நல்லாதான் கீது. அப்புறம் இன்னாத்துக்குமா அவ்ளோ நேரம் மினுக்குச்சு?" ஸ்டூலின் மேல் நின்றபடி அவர் கேட்டார்.

அவளுக்கு எப்படித் தெரியும்? செங்கம் ரோட்டை ஒட்டிய இந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்தே சமையலறை டியூப்லைட் அப்படித்தான். சுவிட்சைப் போட்டால் முனகி, மினுக்கி, அணைந்து, மறுபடி மினுக்கி, மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்டி முடித்த பிறகுதான் மனசு வந்து எரியும். அதுவரை வேதா நிலைப்படியிலேயே நிற்பாள். மூன்று வயது மகள் ஓவியா அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு, "இரும்மா, அவங்க போவட்டும்" என்பாள். யாருடி என்று கேட்டால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் காட்டுவாள். குழந்தை விளையாட்டு என்று வேதா சிரித்துவிடுவாள். சிரித்தாலும், விளக்கு முழுசாக எரிகிற வரை அவள் கால் உள்ளே போனதில்லை.

தீபத்தன்றாவது சமையலறை பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் மணிவேலை வரச் சொல்லியிருந்தாள். கணவன் வளவனைக் கேட்டுப் பயனில்லை. ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை, தீபம் வந்தால் குளிக்க மட்டும் வீட்டுக்கு வருகிற ஆள். மணிவேல் டியூப் மாட்டுகிற பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, கரண்டை நேராகக் கொடுத்துப் புது எல்.இ.டி. டியூபை மாட்டினார்.

"இனிமே போட்டா உடனே எரியும். கரண்டும் கம்மிதான்."

போட்டுக் காட்டினார். பட்டென்று வெளிச்சம் வந்தது. பகல் என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஓவியா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அவங்க எப்படிம்மா போவாங்க?"

மாலையில் தெருவே ஒவ்வொரு வீடாக இருட்டிக்கொண்டு வந்தது. மலைமேல் தீபம் ஏற்றுகிற வரை அந்தத் தெருவில் யாரும் விளக்குப் போடமாட்டார்கள், பல்பு கூடக் கூடாது. ஏற்றியதும் அகல், அப்புறம்தான் மற்றதெல்லாம். வேதாவும் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, ஓவியாவைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மழை விட்ட ஈரக்காற்று, நெய்யில் ஊறிய திரியின் வாசனை, கிரிவலப் பாதையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த லட்சம் பேரின் இரைச்சல். வீட்டுக்கார அம்மா எழிலரசி கையைக் கூப்பியபடி நின்றிருந்தார். எல்லார் கண்ணும் மலை உச்சியில். வேதாவின் கண்ணும்தான்.

கீழே சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

பக்கத்தில் ஓவியா இல்லை.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. சுவரைத் தடவித் தடவி நிலைப்படிக்கு வந்தாள். உள்ளே மை இருட்டு. நனைந்த சாம்பலின் நாற்றம். கை சுவிட்சைத் தொட்டது.

"வேதா, லைட்ட கீட்ட போட்டுடாத!" மாடியிலிருந்து எழிலரசியின் குரல். "இன்னும் ஏத்தலம்மா!"

கை நின்றது. நல்ல நாளில் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பயம், வளர்ந்த விதம் அப்படி. நின்ற கையை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

இருட்டுக்குள் ஓவியா யாரிடமோ பேசினாள். "நீங்க இன்னும் போவலையா?"

சுவரில் ஏதோ தேய்கிற சத்தம் மட்டும்.

வேதா சுவிட்சைப் போட்டாள்.

மினுக்கல் இல்லை. முனகல் இல்லை. பட்டென்று வெளிச்சம்.

அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் அது நின்றிருந்தது. நிமிர இடமில்லாமல் கழுத்து விட்டத்தில் மடங்கியிருந்தது. முகம் சுவரைப் பார்த்து. உடம்பெல்லாம் ஈரச் சாம்பல் நிறம். தொங்கிய கை ஓவியாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல்கள் நீளம், ஒரு சுற்று சுற்றிய பிறகும் மிச்சம் இருந்தன.

அசையவில்லை. போவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வேதா பாய்ந்து மகளை இழுத்தாள். தூணை இழுத்தது போல் இருந்தது. குழந்தையும் அசையவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு இல்லை.

கத்தினாள். அதே நொடியில் ஊரே அரோகரா என்று முழங்கியது. மலையில் ஏற்றிவிட்டார்கள். வெடிச்சத்தத்தில் அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

விளக்கை அணைத்தால் அது போய்விடும். மினுக்கி அணைகிற அந்த இருட்டில்தானே எப்போதும் போயிருக்கிறது? நிலைப்படிக்கு ஓடி அணைத்தாள்.

"அம்மா, கை வலிக்குதும்மா."

குழந்தையின் குரல். மூச்சு வாங்குகிற சத்தம். உயிர் இருந்தது. வேதா அழுதுகொண்டே இருட்டில் கையை நீட்டித் தாவினாள், காற்றுதான் கிடைத்தது. குரல் இப்போது சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

திரும்ப ஓடி சுவிட்சைப் போட்டாள். கல்லாக நின்றார்கள் இருவரும். சுவருக்கு ஓரடி பக்கத்தில்.

பிடித்து இழுத்தாள். வரவில்லை. மூச்சு இல்லை. ஓடிப்போய் அணைத்தாள்.

"அம்மா."

இன்னும் தள்ளி.

சுவிட்ச் நிலைப்படியில், மகள் அந்தக் கோடியில். இரண்டையும் ஒரே நேரத்தில் எட்ட அவளுக்குக் கை போதவில்லை. எழிலரசியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வெடிதான் பதில் சொன்னது. போட்டாள்.

சுவரில் விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் அது கிட்டத்தட்ட முழுசாகச் சுவருக்குள் போயிருந்தது. வெளியே மிச்சம் அந்தக் கை மட்டும். கைக்குள் ஓவியாவின் கை. ஓவியாவின் தோள் சுண்ணாம்பில் பட்டுக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் அம்மா பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக்காரர்கள் சிரித்துப் பேசியபடி வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேதாவின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அணைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. தலைக்கு மேல் புது விளக்கு சத்தமே இல்லாமல் எரிந்தது. அந்த வெளிச்சத்தில், மகளின் உதடு மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது.