எண்ணெய் காணாத தலை

செண்பகவல்லி தலையைச் சொறிந்தாள். மருந்து அறையில் இருந்த மற்ற ஆறு பெண்களும் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள்.

பட்டாசு ஆலையில் வெடியுப்பும் கந்தகமும் கலக்கிற இடத்துக்கு மருந்து அறை என்று பெயர். அங்கே ஒரு பொறி விழுந்தால் சோலி முடிந்தது. அதனால் போர்மேன் சங்கரபாண்டி வாசலில் நின்று "எல்லாரும் வெளியே!" என்று கத்தினால், ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. முதல் இரண்டு தடவை செண்பகமும் கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் உறைத்தது. அவள் கை தலைக்குப் போன பிறகுதான் அவர் வாய் திறக்கிறது.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? இந்த மனுஷன் நம் தலையையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

அந்தத் தலையின் கதை பெரிய கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆலையில் பிடித்த தீயில் உச்சி முதல் பிடரிவரை எலும்பு தெரிய வெந்துபோனாள். அந்தக் காலமாக இருந்தால் தொடைத்தோலை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதில் ஒற்றை முடி முளைக்காது. மிச்சமிருக்கும் தலைத்தோலுக்கு அடியில் பலூன் வைத்து ஊதி, தோலை விரித்து மூடுவதும் உண்டு. இவளுக்கோ விரிக்க மிச்சமே இல்லை. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு தப்பியிருந்த தோலை எடுத்து, அவள் மண்டையின் அச்சில் பரப்பி, வளர்ப்புக் கலத்தில் நாற்பத்தெட்டு நாள் வளர்த்தார்கள். நரம்பிழை, ரத்தக்குழாய், முடிவேர் எல்லாம் உள்ள முழுத்தோல். உணர்தோல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். குல்லா போடுவதுபோல் தலையில் வைத்துத் தைத்து முடித்ததும், செலவு முழுக்க ஆலையுடையது என்றார்கள்.

இப்போது தோள்வரை முடி. கண்ணாடியில் முதன்முதலாக வகிடு எடுத்துப் பார்த்த அன்று அவள் ஓவென்று அழுதாள்.

ஆனால் டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பூ வைக்கலாம், பின்னிக்கொள்ளலாம், எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. காரணம் கேட்டதற்கு, "அது அப்படித்தாம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார். போதாக்குறைக்கு முதலாளி, தேறி வந்தவளை வேறு வேலைக்கு அனுப்பாமல், அதே மருந்து அறையில்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தீயில் வெந்தவளைத் திரும்பவும் தீக்குப் பக்கத்தில் உட்காரவைக்க அப்படி என்ன அக்கறை?

புதன்கிழமை செண்பகம் சோதித்துப் பார்த்தாள். அரிப்பு கிரிப்பு ஒன்றும் இல்லை. சும்மா கையைத் தூக்கிக் காதுக்குமேல் வறட்டு வறட்டென்று சொறிந்தாள். சங்கரபாண்டி கத்துவதற்கு முன்பே ஆறு பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அதில் அவள் கூடப்பிறந்த தங்கச்சி பாண்டிமீனாவும் ஒருத்தி.

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் வெளியே போய்த் தங்கச்சியின் கையைப் பிடித்தாள்.

"ஏ மீனா, உனக்குமா தெரியும்?"

பாண்டிமீனா தரையைப் பார்த்தாள். "சொன்னா நீ பயத்துல எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டே இருப்பேன்னு அண்ணாச்சி சொன்னாருக்கா."

செண்பகம் நேரே சங்கரபாண்டியின் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, என் தலையில என்னத்த வச்சிருக்கீங்க?"

அவர் அவளை ஓரமாகக் கூட்டிப்போனார். பிறகு சொன்னார். காற்றில் மின்னேற்றம் கூடினால், பொறி பறப்பதற்கு முன்னாலேயே குறுகுறுக்கும்படி அவள் தலையின் நரம்பிழைகளைக் கூடுதலாகப் பின்னியிருக்கிறார்கள். கருவி கொண்டுபோனால் கருவிக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது, அதுவே ஆபத்து. தோலில் அந்தத் தொல்லை இல்லை.

"நீ எங்களுக்குக் காவல் தெய்வம் மாதிரி தாயி."

"தெய்வத்துக்கிட்டயாவது வாக்குக் கேப்பீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எண்ணெய் ஏன் கூடாது என்பதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எண்ணெய் பட்டால் அந்தத் தோல் ஊமையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செண்பகம் ஒரு கரண்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில் வைத்து அரக்கி அரக்கித் தேய்த்தாள். சீயக்காய் போடவில்லை. சொட்டச் சொட்ட அப்படியே வாரி முடிந்து, முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ரெண்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் இது என் தலை என்று அவளுக்கு இருந்தது.

வறண்ட மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து சல்லடையைக் கையில் எடுத்தவள் தற்செயலாக வாசலைப் பார்த்தாள். உள்ளே வருகிறவர்கள் உடம்பின் மின்னேற்றத்தை இறக்குவதற்காகத் தொட்டுவிட்டு வரவேண்டிய செப்புத்தகடு அங்கே சுவரில் இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. யார் தொட்டு எத்தனை நாளாயிற்றோ! தரையில் விரிக்கிற ஈரச்சாக்கு காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. பாண்டிமீனா உள்ளே வந்தாள், பளபளக்கிற நைலான் சேலையில். மருந்து அறைக்குப் பருத்தியைத் தவிர எதையும் கட்டி வரக்கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"என்னடி சேலை இது?"

"கலியாண வீட்டுக்கு நேரா போகணும்க்கா. அதான் நீ இருக்கியே!"

நீ இருக்கியே. ஆறு பேரும் அவள் கையை நம்பி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கைக்குச் சேதி சொல்லவேண்டிய தலையோ நல்லெண்ணெயில் ஊறிக் கிடந்தது. பாண்டிமீனா நடக்க நடக்கச் சேலை படபடவென்று காலில் ஒட்டியது. ஐயோ, குடி கெடுத்தேனே! விளக்கம் சொல்ல ஏது நேரம்? முக்காட்டைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பறட்டு பறட்டென்று சொறிந்தாள்.

எல்லாரும் ஓடினார்கள். வெளியே இருபதடி தள்ளி இருந்த இரும்புக் கம்பத்தைப் பிடிக்கப் போன பாண்டிமீனாவின் விரல்நுனியில் சுரீரென்று நீலப்பொறி பறந்தது. "அம்மா!" என்று கையை உதறினாள்.

"பாத்தியளா!" என்றார் சங்கரபாண்டி. "தலை பொய் சொல்லாது!"

"தலை ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. காலையில எண்ணெய் தேய்ச்சுட்டு வந்தேன், தொட்டுப் பாருங்க. நைலான் சேலையைக் கண்ணால பாத்தேன், அதான் சொறிஞ்சேன். அந்தச் செப்புத்தகட்டைத் தொடச் சொல்லுங்க முதல்ல!"

அவர் அவள் நெற்றியில் வழிந்ததைத் தொட்டு மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே முதலாளியைக் கூப்பிட்டார். "ஐயா, எண்ணெயிலயும் வேலை செய்யுதுய்யா!"

திங்கட்கிழமை ஆலை முற்றத்தில் நாற்பது பெண்களையும் கூட்டி அறிவிப்பு வாசித்தார்கள். ஒற்றைத் தலையை நம்பி இருப்பது ஆபத்தாம். அதனால் மருந்து வேலை செய்யும் அத்தனை பேருக்கும் ஆலைச் செலவிலேயே உணர்தோல். வெந்த தலைக்குத்தான் மாற்றுத்தோல் வைக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையாம். பட்டியலில் முதல் பெயர் பாண்டிமீனா. இருபத்திரண்டு வயசு, இடுப்புவரை பின்னல், தலையில் சின்னக் கீறல்கூடக் கிடையாது.

அவள் மெதுவாக அக்காவின் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ரொம்ப வலிக்குமா?"

செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப் பாவி மகளே!" என்று படீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். முதல் ஆளாக ஓடியவள் பாண்டிமீனாதான்.