நான்காவது துண்டு

கொடியில் நான்கு துண்டுகள் தொங்கின. நான்கும் ஈரம். சவுனா என்னும் நீராவிக் குளியலுக்குப் போனவர்கள் மூன்று பேர்தான்.

முதல் வாரம் ரெனாட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலியில், மழை என்பதையே மறந்துபோன ஒரு பாலைவனத் துறைமுகத்தில் பிறந்தவள். மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டு படிக்க பின்லாந்தின் இந்த ஏரிக்கரைக்கு வந்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில் வியக்க வேறு எவ்வளவோ இருந்தன. ஆனால் வாராவாரம் அப்படியேதான் நடந்தது. சனிக்கிழமை, அவள் தங்கியிருந்த வீட்டின் தலைவர் எஸ்கோ சவுனாவின் விறகடுப்பை மூட்டி முதலில் குளித்துவிட்டு வருவார். பிறகு அவர் மனைவி பிர்க்கோவும், ரெனாட்டாவின் வகுப்பிலேயே படிக்கும் மகள் சைமியும் போவார்கள். ஞாயிறு காலை கொடியில் நான்கு துண்டுகள்.

ரெனாட்டா போகவில்லை. உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் அடுத்தவர் வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது? ஒரு சனிக்கிழமை தலைவலி, மறு சனிக்கிழமை வீட்டுப்பாடம் என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தாள்.

"நான் நீச்சலுடை போட்டுக்கிட்டு வரட்டுமா?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

சைமி சிரித்தாள். "மழைக்கோட்டு போட்டுக்கிட்டுக் குளிப்பியாடி நீ?"

பிர்க்கோ மட்டும், "அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்" என்றாள். அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் எதையும் பேசுவதில்லை. கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் எதுவும் வராது.

அந்த மௌனம்தான் ரெனாட்டாவை அரித்தது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் பொறுப்பாளர் அந்த வாரம்தான் தொலைபேசியில், "அங்க ஒட்டலையாம்மா? வேற வீடு பாக்கலாமா?" என்று கேட்டிருந்தார். யார் சொல்லியிருப்பார்கள்? வீடு மாறுவதென்றால் தோற்றுப்போவது. அவளுக்கு இந்த வீடுதான் வேண்டும். அந்தச் சாப்பாட்டு மேசையில், சிவந்த முகங்களுக்கு நடுவே, நான்காவது முகமாக உட்கார வேண்டும்.

டிசம்பர் சனிக்கிழமை ஒன்றில், சவுனாக் குடிலருகே விறகு எடுக்கப் போனபோது ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். குளித்து முடித்த பிர்க்கோ வாளியில் புதுத் தண்ணீர் நிரப்பினாள். குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சூடான கற்களின்மேல் ஒரு அகப்பை நீரை ஊற்றினாள். கீழ்ப்பலகையில் ஓர் உலர்ந்த துண்டை மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்காக, என்று நினைத்தாள் ரெனாட்டா. இத்தனை வாரமும், ஒரு வார்த்தை கேட்காமல், எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். நான் வராததால் அதையும் சேர்த்து அலசிப் போட்டிருக்கிறாள். அவளுக்குக் கண் கலங்கியது. தனியாகப் போனால் கூச்சமும் இல்லை. ஈரத் தலையோடு மேசைக்குப் போய் நின்றால் போதும், எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

தாயும் மகளும் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்தாள். பனி காலடியில் நறநறத்தது, பிர்ச் விறகின் புகை மூக்கில் இனிப்பாக ஏறியது, ஏரிக்குள் எங்கோ பனிக்கட்டி நீளமாக முனகி ஓய்ந்தது. முன்னறையில் உடைகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். அடுப்பின் வாய் மட்டும் மங்கலாகச் சிவந்திருந்தது. தாரின் வாசனை, நனைந்த இலையின் வாசனை, அவற்றுக்கு அடியில் ஈரத்தோல் போல ஏதோ ஒன்றின் வாடை. கீழ்ப்பலகையில், துண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெப்பம் தோளைத் தளர்த்தியது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று சிரிப்பு வந்தது.

கற்களின்மேல் தண்ணீர் விழுந்தது. சீறல் வெகுநேரம் அடங்கவில்லை.

அவள் அகப்பையைத் தொடவே இல்லை.

மேல்பலகை கிரீச்சிட்டது. யாரோ ஒருவர், இன்னொருவருக்கு இடம் விட்டுச் சற்றே நகர்ந்து உட்காரும் சத்தம்.

"பிர்க்கோ?"

மூச்சு மட்டும். நிதானமான மூச்சு.

இலைக்கட்டு அவள் பிடரியில் பட்டது. மெதுவாக. தண்டுவடம் வழியே இறங்கியது. இடுப்பு. தொடை. குதிகால். போன வழியெல்லாம் ஏதோ கழன்றது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயங்கரமாக இருந்தது.

கத்த வாய் திறந்தாள். உதடு எங்கே என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. யாரோ வெளியே போனார்கள். முன்னறையில் துணி சரசரத்தது. அவளுடைய துணி.

பின்னால் ஓடினாள். ஆணி காலி. பனியில் காலடிகள், அவள் காலின் அளவு, வீட்டை நோக்கி. அவற்றின்மேலேயே ஓடினாள். பனி குளிரவில்லை.

சமையலறை ஜன்னல். வறுவல் புகை போவதற்காக அதன் சிறு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மேசையில் சாஸேஜ், கடுகு, நான்கு தட்டு. நான்காவது நாற்காலியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரெனாட்டா உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி, தனியாவா போனே?" என்றாள் சைமி.

"கூச்சம் போயிடுச்சு."

பிர்க்கோவின் முகம் வெளுத்திருந்தது. "கடைசி முறைக்குப் போகக்கூடாதும்மா. அது நம்மளுது இல்ல. சவுனாவுல குடியிருக்கிறதுக்குன்னு விட்டுட்டு வர்றது. உங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்." அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லவேளை. ஒண்ணும் ஆகல."

வெளியே ஒரு கை கண்ணாடியை அடித்தது. சத்தமே எழவில்லை. அடித்த இடத்தில் சிவப்பாக ஒரு தடம். ரேகை இல்லாத விரல்கள்.

நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்தாள். வெளியே பார்த்தாள். "குளிருது" என்று சொல்லிச் சிறு கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை. எஸ்கோ குளித்துவிட்டுப் போய்விட்டார். கீழ்ப்பலகையில் மூன்று பெண்கள் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே, இருட்டில், ரெனாட்டா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கூப்பிடக் குரலில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிர்க்கோ எழுந்தாள். சைமி எழுந்தாள். மூன்றாமவள் மட்டும் பின்தங்கினாள். கற்களின்மேல் ஒரு அகப்பை நீர் ஊற்றினாள். ரெனாட்டாவின் கைகளால் ஓர் உலர்ந்த துண்டை ஓரம் பிசகாமல் மடித்து, கீழ்ப்பலகையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.