இரண்டு துரைசிங்

இரத்தத்தை உந்தி அனுப்பும் குருதியுந்தியை மார்பில் பொருத்திய மறு மாதமே பேராசிரியர் துரைசிங் பல வருடமாகத் தீராத கணிதப் புதிர் ஒன்றை முடித்துவிட்டார். நாகர்கோவிலில் பலருடைய மார்பிலும் அப்போது அந்தச் சிறு கருவி ஓடிக்கொண்டிருந்தது. தளர்ந்த இதயம் மூளைக்குப் போதிய இரத்தம் அனுப்பாததால் மங்கிப்போன நினைவையும் கவனத்தையும் அது மீட்டுத் தந்தது. அதன் வேகத்தை மருத்துவர் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் நோயாளி கேட்க வேண்டும், அதுதான் சட்டம்.

எவ்வளவு தேறியிருக்கிறார் என்று காட்ட, மருத்துவர் நஸ்ரின் ஒருநாள் உந்தி பொருத்துமுன் எடுத்த பழைய பரிசோதனைக் காணொளியை ஓடவிட்டார். திரையில் இருந்த துரைசிங்குக்கு ஒரு கடிகாரம் வரைய வரவில்லை. ஆனால் மனைவி ஜெபராணியின் கையை விடாமல் பிடித்திருந்தார். "டாக்டர், இவ நல்லாப் பாடுவா, தெரியுமா?" என்று சிரித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த துரைசிங்கின் முகம் மாறியது. நோய்க்கு முன்பு அவள் பாடிக் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை. உந்தி வந்தபின்போ, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணக்கிலேயே கிடந்தார்.

"வேகத்தைக் குறைங்க, டாக்டர். அவளுக்கு படத்துல இருக்குற அந்த ஆளுதான் வேணும்."

நஸ்ரின் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டுக் குறைத்தார்.

அடுத்த வாரம் ஜெபராணி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவர் சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். "இவ... பாவம், டாக்டர். எனக்கு எல்லாமே இவதான் செய்யணும். கூட்டிருங்க. இவளுக்கு அந்த... அந்தக் கெட்டிக்காரர்தான் வேணும்."

நஸ்ரின் யோசித்துப் பார்த்தார். கூட்டினால் குறைக்கச் சொல்வார். குறைத்தால் கூட்டச் சொல்வார். இரண்டும் ஒரே நோயாளியின் வாய்ச்சொல். எந்தத் துரைசிங்கின் பேச்சைக் கேட்பது?

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் ஜெபராணியிடம்.

"ரெண்டு பேரும் எனக்காகத்தான் கேக்காங்க. ஒருத்தராவது என்கிட்ட கேட்டாங்களா?" என்றாள் அவள். "கூட்டுங்க டாக்டர். மூளை மங்கினாத்தான் பொண்டாட்டி பக்கத்துல உக்கார முடியும்னா, அது நோயா, இல்ல வெறும் சாக்குப்போக்கா? அவருகிட்ட கேக்கணும். கேட்டா புரியுற ஆளா இருக்கணும்."

உந்தியின் வேகம் கூடியது. கணவரின் கண்கள் தெளியும்வரை ஜெபராணி காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

சாக்குப்போக்குதான் என்ற பதில் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.