காலி வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

சிவகாசியில் இசைவாணியின் அப்பா ஒரு சின்ன அச்சகம் நடத்தி வந்தார். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே அச்சாகும். 2006-ஆம் வருடம் மே மாதக் கடைசியில், காலண்டர் ஆர்டர் பேசுவதற்காக அவர் சிங்கப்பூர் கிளம்பினார். ஆறாம் வகுப்பு முடித்திருந்த இசைவாணியையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நாலே நாளுதான். ஹர்ஷினி வீட்லதான் தங்கப் போறோம்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து இசைவாணிக்குத் தூக்கமே வரவில்லை. ஹர்ஷினி நான்காம் வகுப்பு வரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பாவுக்குச் சிங்கப்பூரில் அச்சு இயந்திரம் ஓட்டும் வேலை கிடைத்ததும் குடும்பமே அங்கே போய்விட்டது.

விமான நிலையத்தில் ஹர்ஷினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வண்டியில் வரும்போது வாய் ஓயாமல் பேசினாள். ஆனால் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும், சட்டென்று அமைதியாகிவிட்டாள். இசைவாணியின் கையை இறுகப் பிடித்து, நீளமான வராந்தாவில் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஏய், எதுக்குடி இப்படி ஓடுற?"

"உள்ள வா, சொல்றேன்."

அறைக்குள் போனதும் ஹர்ஷினி குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்து வீட்டப் பாத்தியா? காலி பண்ணி ரெண்டு மாசமாச்சு. உள்ள யாருமே கெடையாது. ஆனா நேத்து சாயந்தரம் உள்ள போன் அடிச்சுச்சு. நின்னு நின்னு அடிச்சுச்சு. அப்புறம் ஒரு பொம்பள அழுற மாதிரி சத்தம்."

"உங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். பேய் இருக்குன்னேன். 'யார் வீட்டு டிவியாவது இருக்கும், போய்ப் படி'ன்னாக."

இசைவாணி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா காலண்டர் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பேச ஒரு கடைக்காரரைப் பார்க்கப் போனார். ஹர்ஷினியின் அப்பாவுக்கு வேலை நாள். அவளுடைய அம்மா பொன்னுத்தங்கம் பையை எடுத்துக்கொண்டு கீழே மீன் வாங்கக் கிளம்பினார்.

"அரை மணி நேரத்துல வந்திருவேன். யாரு கதவத் தட்டுனாலும் திறக்காதீக."

அவர் போன கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. மூன்று மணிதான். ஆனால் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. இடி இடித்தது. எதிரே இருந்த உயரமான கட்டடங்கள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்தன.

அப்போது ஒரு பாட்டு கேட்டது.

கைப்பேசி மணிதான். சன்னமாக, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில். கொஞ்சம் ஒலித்து, பாதியில் நின்றது.

பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த குழாய் வழியாக ஒரு முனகல் வந்தது. வார்த்தை இல்லை. "ஊ... ஊ..." என்று நீளமாக.

அப்புறம் சுவரில், டொக். டொக். டொக்.

ஹர்ஷினி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

இசைவாணி வாசல் பக்கம் ஓடினாள். பூட்டிய கம்பிக் கதவு வழியாக வராந்தாவை எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

"ஹர்ஷி, அந்தச் செருப்பு எப்ப இருந்து அங்கன கெடக்கு?"

"நேத்து மத்தியானத்துல இருந்து" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"பேய் செருப்பக் கழட்டிப் போட்டுட்டா வீட்டுக்குள்ள போகும்?"

"சிங்கப்பூர்ப் பேய் போகுமோ என்னமோ!"

மறுபடி சுவர் தட்டியது. டொக். டொக். டொக். இந்த முறை இன்னும் மெதுவாக.

இசைவாணிக்கு அவர்கள் ஊர் பேப்பர் குடோன் ஞாபகம் வந்தது. போன வருடம் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடி விபத்து. அந்த அதிர்ச்சியில் குடோன் சுவர் சரிந்தது. உள்ளே வேலையாக இருந்த வெள்ளைத்துரை அண்ணாச்சி மாட்டிக்கொண்டார். எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது அப்பாதான் "யாரும் பேசாதீக!" என்று அதட்டினார். அந்த அமைதியில் இரும்பில் இரும்பு படும் சத்தம் கேட்டது. அப்பா ஒரு கல்லை எடுத்துப் பதிலுக்குத் தட்டினார். உள்ளேயிருந்து மறுபடி சத்தம் வந்தது. சத்தம் வந்த இடத்தில் தோண்டி அண்ணாச்சியை உயிரோடு எடுத்தார்கள்.

இசைவாணி சமையலறைக்குத் திரும்பினாள். கைக்குக் கிடைத்த தோசைக்கரண்டியை எடுத்தாள்.

"ஏய், என்னடி செய்யப் போற? வேண்டாம்!" என்று ஹர்ஷினி அலறினாள்.

இசைவாணி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மூன்று முறை தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிப்போனது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதிதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அவளும் மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று நினைத்தாள்.

டொக். டொக். டொக்.

இசைவாணி ஐந்து முறை தட்டினாள். பதிலுக்கு ஐந்து வந்தது. இரண்டு தட்டினாள். இரண்டு வந்தது.

"ஹர்ஷி! நான் எம்புட்டுத் தட்டுறனோ அம்புட்டுத் தட்டுறாக. அது பேயில்லடி. ஆளு! உள்ள மாட்டிக்கிட்டாக!"

ஹர்ஷினி தலையை வெளியே நீட்டினாள். "நேத்துல இருந்தா?"

"ஆமா. சீக்கிரம் போன் போடு."

சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்ணைப் பார்த்து ஹர்ஷினி போனில் அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "என்னன்னு சொல்ல? பக்கத்து வீட்ல பேய்னா?"

"ஆளுன்னு சொல்லு!"

ஹர்ஷினி சொன்னாள். முதலில் தடுமாறினாள். பிறகு தெளிவாக, வீட்டு எண், மாடி எண் எல்லாம் சொன்னாள்.

"வர்றாகளாம். பத்து நிமிஷமாகும்."

பத்து நிமிடமும் இசைவாணி சுவரை விட்டு நகரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். பதில் வரவர மெலிந்துகொண்டே போனது. மூன்றுக்கு இரண்டு வந்தது. இரண்டுக்கு ஒன்று.

பிறகு ஒன்றுமே வரவில்லை.

சுவரில் காதை வைத்தாள். சில்லென்று இருந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பலமாகத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. ஹர்ஷினியும் ஓடிவந்து கை முட்டியால் சுவரில் தட்ட ஆரம்பித்தாள்.

"நாங்க இங்கனதான் இருக்கோம்! போகல! இங்கனதான் இருக்கோம்!"

ஒரே ஒரு சத்தம் வந்தது. டொக்.

அதே நேரம் வராந்தாவில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று கேட்டது.

தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தார்கள். உள்ளே கூடத்தில் கைப்பேசியோடு ஒரு கைப்பை கிடந்தது. குளியலறைக்குள் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கதவுக் கைப்பிடி. வீட்டை விற்பதற்கு முன் சுத்தம் செய்ய வந்தவராம். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. திறக்கப் போனபோது கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வழுக்கி விழுந்ததில் கால் வேறு வீங்கியிருந்தது.

நனைந்த மீன் பையோடு மேலே வந்த பொன்னுத்தங்கம் உடைந்த கதவையும் கூட்டத்தையும் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, கதவத் திறக்காதீகன்னு சொல்லிட்டுத்தான போனேன்!"

"நாங்க திறக்கலம்மா" என்றாள் ஹர்ஷினி கம்பிக்குப் பின்னாலிருந்து. "அவுகதான் ஒடச்சாக."

விஷயம் முழுவதும் தெரிந்ததும் பொன்னுத்தங்கம் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நேத்தே நீ சொன்னதக் காது குடுத்துக் கேட்டிருக்கணும்" என்றார்.

மறுநாள் மிருகக்காட்சிசாலைக்குப் போவதாக இருந்தது. இசைவாணி, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ரொஹானி. காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இசைவாணியின் கையைப் பிடித்து, கரகரத்த குரலில் ஏதோ சொன்னார். ஹர்ஷினி கேட்டுக்கேட்டு மொழிபெயர்த்தாள்.

"அந்த இருட்டுல ரொம்பப் பயந்துட்டாகளாம். ஆனா சுவத்துல பதில் வந்ததும் பாதிப் பயம் போயிருச்சாம்."

இசைவாணி கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கும் அப்படித்தான்னு சொல்லு" என்றாள்.

ஹர்ஷினி சொன்னாள். தொண்டை வலியையும் மறந்து ரொஹானி சிரித்த சிரிப்பில், அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.